டயாலிசிஸுக்குப் புதியவரா? ஹெபடைட்டிஸ் பி, சி விஷயத்தில் செய்ய வேண்டியவை

டாக்டர் "இனி டயாலிசிஸ்தான்" என்று சொல்லிவிட்ட குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட், லிந்தாங் சாலை, எல்பில், ஈவுட் தோட்டத்துப் பக்கம் இருப்பவர்கள்தான் என் மனத்தில். பீடோரோ லாபிஸோ நிபோங் திபாலோ, எந்தத் தோட்டத்து டவுனாக இருந்தாலும் விஷயம் ஒன்றுதான். பெர்கேசோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்துக்கு எப்படி விண்ணப்பிப்பது, மிச்சக் காசுக்கு யாரைப் பார்ப்பது என்றெல்லாம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டைப் பற்றி மட்டும். எங்கள் சின்னம்மாவை டவுனில் இருக்கும் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வருகிறேன். அங்கே கண்ணால் பார்த்ததும், டாக்டர்களிடமும் தாதிகளிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டதும் இதில் இருக்கிறது.

டயாலிசிஸ்காரருக்கு ஏன் தனிக் கவனம்

நம் உடம்பில் ஓடும் ரத்தம் சுமார் ஐந்து லிட்டர். டயாலிசிஸ் இயந்திரம் நிமிடத்துக்கு 250, 300 மில்லி வீதம் அதை வெளியே இழுத்து, வடிகட்டி, திரும்ப உள்ளே அனுப்புகிறது. நான்கு மணி நேரத்தில் 60, 70 லிட்டர் அந்தக் குழாய் வழியாகப் போய் வந்துவிடும். வாரம் மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் இரண்டு ஊசி. வருடத்துக்கு முந்நூறு குத்துக்கு மேல். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் இதே கணக்குதான். இருவரையும் கவனிப்பது பெரும்பாலும் ஒரே தாதி.

ஹெபடைட்டிஸ் பி, சி இரண்டும் ரத்தத்தின் வழியாகப் பரவும் வைரஸ்கள். இரண்டும் கல்லீரலைத் தாக்கும். கெட்ட தண்ணீராலும் சாப்பாட்டாலும் வரும் மஞ்சக்காமாலை ஹெபடைட்டிஸ் ஏ, ஈ. அது வேறு கதை. பி வைரஸ் காய்ந்துபோன ரத்தத்தில் ஏழு நாள் வரைக்கும்கூட உயிரோடு இருக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தமே போதும். 1969, 70ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் பி பரவி, நோயாளிகள் மட்டுமல்ல, மருத்துவமனை ஊழியர்களும் இறந்துபோனார்கள். தனி அறை, தனி இயந்திரம், அடிக்கடி ரத்தப் பரிசோதனை என்று இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் கட்டுப்பாடுகள் அந்தக் காலத்துப் பாடங்களிலிருந்து வந்தவை.

முன்னவர் ரத்தம் இயந்திரத்துக்குள் தங்கி நமக்கு வந்துவிடும் என்றுதான் எல்லாரும் பயப்படுகிறார்கள். கிழிசல் இல்லாத வடிகட்டிச் சவ்வை இந்த வைரஸ்கள் தாண்டாது. ஆனால் கையுறையும், இயந்திரத்தின் பொத்தானும், மருந்துத் தட்டும், நாற்காலிக் கையும் வைரஸைக் கடத்தும். ஆகவே உங்கள் கண் இருக்க வேண்டிய இடம், இயந்திரத்தைத் தொடும் கைகள்.

முதல் வேலை: ரத்தப் பரிசோதனை, தாள் கையில்

டயாலிசிஸ் தொடங்குமுன் பி, சி, எச்ஐவி மூன்றுக்கும் ரத்தம் எடுப்பார்கள். முடிவு வராமல் மையத்தில் பொதுவாகச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். "எல்லாம் ஓகே" என்று வாயால் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். ஒரு பிரதி கேட்டு வாங்குங்கள். நாங்கள் முதலில் பார்த்த ஒரு மையத்தில் பிரதி கேட்டதற்கு முகம் சுளித்தார்கள். பரவாயில்லை, கேளுங்கள். உங்கள் ரத்தம், உங்கள் தாள். ஒரு பிளாஸ்டிக் கோப்பில் போட்டு ஐசி (அடையாள அட்டை) பிரதியோடு சேர்த்து வையுங்கள்.

தாளில் பார்க்க வேண்டியவை நான்கு. எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் பி வைரஸ் உடம்பில் இருக்கிறது. ஆன்டி-எச்பிஎஸ் என்பது பி-க்கு எதிரான பாதுகாப்பு. அது 10-க்கு மேல் இருந்தால் நல்லது. இந்த இரண்டு பெயரும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதால், பாதுகாப்பு இருக்கிறது என்று வந்த முடிவைப் பார்த்து நோய் வந்துவிட்டது என்று அழுத வீடுகளும் உண்டு. மூன்றாவது ஆன்டி-எச்பிசி. எப்போதோ ஒரு காலத்தில் பி தொற்றியிருக்கிறது என்று அது காட்டும். நான்காவது ஆன்டி-எச்சிவி. பாசிட்டிவ் என்றால் சி கிருமியை உடம்பு எப்போதாவது சந்தித்திருக்கிறது என்று அர்த்தம். கிருமி இப்போதும் இருக்கிறதா என்பதை, கிருமியையே நேராகத் தேடும் ஆர்என்ஏ பரிசோதனைதான் சொல்லும்.

ஒரு தடவை நெகட்டிவ் என்றால் வேலை முடிந்துவிடாது. தொற்றிய உடனே பரிசோதனையில் தெரியாது. பி-க்கு ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். சி-யின் ஆன்டிபாடிக்கும் பல வாரம் பிடிக்கும். அதனால்தான் மையத்தில் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை என்பதை முதல் வாரமே கேட்டுக் காலண்டரில் குறித்துவிடுங்கள். இன்னொன்று: கண் மஞ்சளாகவில்லையே என்று தைரியமாக இருக்க முடியாது. பி-யும் சி-யும் தொற்றியவர்களில் நிறையப் பேருக்கு வருடக்கணக்கில் ஒன்றுமே தெரியாது. டயாலிசிஸ்காரர்களுக்கு ஏஎல்டி என்ற கல்லீரல் கணக்கு பொதுவாகவே தாழ்ந்து இருக்கும், தொற்று வந்தாலும் 'நார்மல்' என்று காட்டக்கூடும்.

பி தடுப்பூசி: சீக்கிரம், சீக்கிரம்

சி-க்குத் தடுப்பூசி கிடையாது. பி-க்கு உண்டு. மலேசியாவில் 1989 முதல் பிறந்த குழந்தைகளுக்கெல்லாம் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதாவது இன்றைக்கு டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும் அம்மா, அப்பா, மாமா தலைமுறையில் பெரும்பாலானவர்கள் சின்ன வயதில் போட்டிருக்க மாட்டார்கள்.

இதில் அவசரம் ஏன் என்றால், சிறுநீரகம் கெடக் கெட உடம்பு தடுப்பூசிக்குச் சரியாகப் பதில் கொடுப்பதில்லை. நல்ல உடம்புக்காரர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பாதுகாப்பு கிடைக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அந்த அளவு கிடைக்காது. எனவே "இன்னும் ஆறு மாதத்திலோ ஒரு வருடத்திலோ டயாலிசிஸ் தேவைப்படும்" என்று டாக்டர் சொல்லும்போதே, அதே நாற்காலியில் உட்கார்ந்தபடி பி தடுப்பூசியைப் பற்றிக் கேட்டுவிடுங்கள். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகக் கையில் இரண்டு ரத்தக்குழாய்களை இணைப்பது) அறுவை சிகிச்சைக்குத் தேதி வாங்கும் நாளில் இதற்கும் தேதி வாங்குவது நல்ல வழக்கம்.

டயாலிசிஸ்காரருக்கு அளவு இரட்டிப்பு. பெரியவர்களுக்கு வழக்கமாக 20 மைக்ரோகிராம், இவர்களுக்கு 40. மருந்தின் வகையைப் பொறுத்து மூன்றோ நான்கோ தவணை, ஆறு மாதத்துக்குள் பரப்பிப் போடுவார்கள். தோள்பட்டைச் சதையில் போட வேண்டும், ஃபிஸ்டுலா இல்லாத கையில். அவசரத்தில் இருக்கும் கிளினிக்கில் கை மாறிவிடலாம், நீங்களே சட்டைக் கையைச் சுருட்டிச் சரியான பக்கத்தைக் காட்டுங்கள்.

கடைசித் தவணை முடிந்து ஒன்றிரண்டு மாதத்தில் ஆன்டி-எச்பிஎஸ் பார்க்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான். ஊசி போட்டாச்சு, முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். 10-க்குக் கீழே இருந்தால் முழுத் தவணையையும் இன்னொரு சுற்று போடுவார்கள். 10-க்கு மேல் வந்தாலும் வருடா வருடம் பார்க்க வேண்டும், இறங்கினால் ஒரு பூஸ்டர். அப்புறம் ஒரு சின்ன எச்சரிக்கை: தடுப்பூசி போட்ட சில நாளிலேயே எச்பிஎஸ்ஏஜி பார்த்தால், மருந்தில் இருக்கும் துகளே 'பாசிட்டிவ்' என்று காட்டிவிடும். 18 நாள் வரைகூட அப்படிக் காட்டியிருக்கிறது. ரத்தம் எடுக்க வந்தால் "போன வாரம்தான் பி ஊசி போட்டோம்" என்று சொல்லிவிடுங்கள். வீணாக ஒரு வாரம் தூக்கம் போகாது.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது

தனியார் மையமாக இருந்தாலும் அறநிறுவன மையமாக இருந்தாலும் 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதாரச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். உரிமத்தைச் சுவரில் மாட்டியிருப்பார்கள், ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். பி இருப்பவர்களுக்குத் தனி அறையும் தனி இயந்திரமும் உண்டா என்று கேளுங்கள். சி இருப்பவர்களுக்கும் இயந்திரத்தைப் பிரித்து வைப்பது நம் நாட்டில் பரவலான வழக்கம். "நாளைக்கு எங்களுக்கே வந்துவிட்டால் இங்கேயே இடம் உண்டா, ஈப்போவுக்கு அனுப்புவீர்களா?" என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். சின்ன டவுன் மையங்களில் பி அறை இல்லாமல் இருக்கலாம். வாரம் மூன்று நாள் ஈப்போவுக்குப் போய் வருவதா, கோல கங்சாருக்குப் போய் வருவதா என்பது குடும்பத்துக்குச் சின்ன விஷயமல்ல.

வயிற்று வழி டயாலிசிஸ் உங்களுக்குப் பொருந்துமா என்றும் டாக்டரிடம் கேட்கலாம். வீட்டிலேயே செய்வது. பலரின் ரத்தம் ஒரே அறையில் புழங்கும் பிரச்சினை அதில் இல்லை, பி, சி தொற்றும் குறைவு. சுத்தமான ஒரு மூலையும் பொறுமையான ஓர் ஆளும் வீட்டில் வேண்டும்.

நாற்காலியில் உட்காரும் நேரம்

ஆபத்து அதிகம் உள்ள நேரம், ஒரு குழு முடிந்து அடுத்த குழு ஏறும் அந்த அரை மணி. காலையில் வந்தவர்கள் ஊசி எடுத்துப் பஞ்சை அழுத்தியபடி இருப்பார்கள். அடுத்தவர்கள் தலையணையும் போர்வையும் பிளாஸ்கும் தூக்கிக்கொண்டு கதவருகே நிற்பார்கள். பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர், கிராப் வந்துவிட்டது என்று அவசரப்படுகிறவர், "மிஸி, என்னை முதல்ல ஏத்துங்க" என்று கெஞ்சுகிறவர், எல்லாரும் ஒரே சமயத்தில். தாதிகள் ஓடிக்கொண்டிருப்பார்கள். தவறு நடப்பது இப்படிப்பட்ட அவசரத்தில்தான், கெட்ட எண்ணத்தில் இல்லை.

அவசரப்படுத்தாதீர்கள். முன்னவர் நாற்காலியை விட்டு எழுந்து போன பிறகுதான் துடைக்க ஆரம்பிக்க வேண்டும், அவர் உட்கார்ந்திருக்கும்போதே அல்ல. நாற்காலி, அதன் கைகள், இயந்திரத்தின் முகப்பு, பொத்தான்கள், கிளாம்புகள், ரத்த அழுத்தப் பட்டை எல்லாவற்றையும் கிருமிநாசினியால் துடைத்து, காய விட வேண்டும். ஈரம் காயுமுன் ஏறி உட்கார்ந்தால் மருந்து வேலை செய்ய நேரமில்லை.

பிளாஸ்டரைக் கவனியுங்கள். ஊசியை ஒட்டிப் பிடிக்கும் அந்த வெள்ளைப் பிளாஸ்டரை முன்கூட்டியே துண்டு துண்டாகக் கிழித்து, இயந்திரத்தின் ஓரத்தில் வரிசையாக ஒட்டி வைத்திருப்பார்கள். துடைத்த பிறகு உங்களுக்காக ஒட்டியது என்றால் சரி. முன்னவருக்கு ஒட்டியதில் மிச்சம் என்றால் அது உங்கள் ஊசி வாயில் படக்கூடாது, புதிதாகக் கிழிக்கச் சொல்லுங்கள். ஒரே பிளாஸ்டர் உருளை நாற்காலிக்கு நாற்காலி போவதும் நல்லதல்ல.

தாதி உங்களிடம் வருமுன் கை கழுவியோ, கிருமிநாசினி தேய்த்தோ, புதுக் கையுறை போட்டிருக்க வேண்டும். பக்கத்து இயந்திரம் அலாரம் அடித்தால் அதே கையுறையோடு போய்ப் பொத்தானை அமுக்கிவிட்டு உங்களிடம் திரும்புவது எல்லா இடத்திலும் நடக்கக்கூடியது. கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் ஆட்கள் வாயை மூடிக்கொள்கிறார்கள். எங்கள் சின்னம்மா கண்டுபிடித்த வழி இது: "மிஸி, கோவிச்சுக்காதீங்க, கிளவுஸ் மாத்திட்டீங்களா? எனக்கு ஒரே பயம்." பயம் என்று தன் மேலேயே போட்டுக்கொள்கிறார். இது வரைக்கும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. சில தாதிகள் இப்போது அவர் பார்க்கும்படியே கையுறையைக் கழற்றிப் போடுகிறார்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் மற்ற ஊசி மருந்துகளும் நோயாளிகளின் நாற்காலிகளுக்கு அப்பால், தனிச் சுத்தமான மேசையில் நிரப்பப்பட வேண்டும். ஒரே தட்டைத் தூக்கிக்கொண்டு ஆள் ஆளுக்கு ஊசி போட்டுப் போகக்கூடாது. டயலைசரை, அதாவது ரத்தத்தைச் சுத்தம் செய்யும் அந்த வடிகட்டியை, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் மையமாக இருந்தால், ஒவ்வொரு தடவையும் அதில் எழுதியிருக்கும் பெயரை நீங்களே படியுங்கள். நம் ஆட்களில் ஒரே பெயர்க்காரர் எத்தனை பேர்! அப்பா பெயர், ஐசி எண் வரைக்கும் பாருங்கள். ரத்தக் குழாயிலிருந்து பிரிந்து இயந்திரத்தில் செருகியிருக்கும் மெல்லிய குழாயின் நுனியில் ஒரு சின்ன வட்ட வடிகட்டி இருக்கும். அதில் சிவப்பு தெரிந்தால் உடனே கூப்பிடுங்கள், மாற்ற வேண்டும்.

முடிந்ததும் பஞ்சை அழுத்திப் பிடிப்பது பெரும்பாலும் நாம்தான். கூட வந்தவர் பிடித்தால் கையுறை போட்டுப் பிடிக்க வேண்டும். ரத்தப் பஞ்சை நாற்காலி ஓரத்தில் வைக்காமல் மஞ்சள் பைத் தொட்டியில் போட்டு, கை கழுவிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டில்

டயாலிசிஸ் வீடுகளில் நான் பார்த்து அதிர்ந்தது சர்க்கரை பார்க்கும் பேனா. அப்பாவுக்கும் இனிப்பு நீர், அத்தைக்கும் இனிப்பு நீர், மகனுக்கும் ஆரம்பம். வீட்டில் ஒரே குளுக்கோமீட்டர், விரலைக் குத்தும் ஒரே பேனா, சில சமயம் ஒரே ஊசி. "குத்துறது நம்ம ஆளுங்கதானே" என்பார்கள். ஊசியை மாற்றினாலும் பேனாவின் வாயில் ரத்தம் ஒட்டியிருக்கும். ஆளுக்கு ஒரு பேனா வாங்குங்கள். மீட்டரையும் தனித்தனியாக வைத்துக்கொள்வதுதான் சரி. முடியாவிட்டால் ஒவ்வொரு தடவையும் துடைத்தாவது வையுங்கள். இன்சுலின் பேனாவை மாற்றிப் பயன்படுத்தவே கூடாது.

ரேசர், பல் துலக்கி, நகவெட்டி எல்லாம் ஆளுக்கொன்று. முடி வெட்டும் கடையில் புது பிளேடு. தைப்பூசத்துக்கு அலகு குத்திக்கொள்ளும் பிள்ளைகள் இருந்தால் குத்துகிறவரிடம் கிருமி நீக்கியதா என்று கேட்டு அனுப்புங்கள். ஒரே தட்டில் சாப்பிடுவது, ஒரே டம்ளர், ஒரே கழிப்பறை, பேரப்பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுவது, எதனாலும் பி, சி பரவாது. தட்டைத் தனியாகப் பிரித்து வைத்துவிட்டு ரேசரைப் பொதுவில் வைத்திருக்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

பாசிட்டிவ் என்று வந்துவிட்டால்

மறைக்காதீர்கள். வேறு மையத்துக்கு மாறினால் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். புது மையம் எப்படியும் ரத்தம் எடுக்கும். இந்த நோய் 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டத்தின் கீழ் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய பட்டியலில் இருக்கிறது. மாவட்டச் சுகாதார அலுவலகத்திலிருந்து போன் வந்தால் பயப்பட வேண்டாம், சுங்கை சிப்புட்காரர்களுக்கு அது கோல கங்சார் அலுவலகம்.

சி என்றால் இன்றைக்கு நல்ல காலம். 1989இல்தான் இந்த வைரஸையே கண்டுபிடித்தார்கள். 2013இல் சோஃபோஸ்புவிர் மாத்திரை வந்தபோது அமெரிக்காவில் 12 வாரத்துக்கு 84,000 டாலர் விலை. 2017இல் மலேசிய அரசாங்கம், காப்புரிமை இருந்தாலும் அதைத் தாண்டிப் போகும் தன் அதிகாரத்தைப் பயன்படுத்தி மலிவு மாத்திரைக்கு வழி செய்தது, 2018 முதல் அரசாங்க மருத்துவமனைகளில் இலவசச் சிகிச்சை கிடைக்கிறது. பெரும்பாலும் 12 வாரம் மாத்திரை, நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் குணம். டயாலிசிஸில் இருப்பவர்களும் சாப்பிடலாம். எந்த மாத்திரை என்பதை டாக்டர் முடிவு செய்வார். தொடங்குமுன் பி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். சி மாத்திரை, தூங்கிக்கிடக்கும் பி-யைக் கிளப்பிவிடலாம். முடிந்து 12 வாரம் கழித்து ஆர்என்ஏ நெகட்டிவ் என்றால் குணம். அப்போதும் ஆன்டி-எச்சிவி பாசிட்டிவ் என்றே காட்டிக்கொண்டிருக்கும், ஆகவே அந்த ஆர்என்ஏ தாள் உங்களுக்குச் சொத்துப் பத்திரம் மாதிரி. பொது இயந்திரத்துக்கு எப்போது மாற்றுவார்கள் என்று அதைக் காட்டிக் கேளுங்கள். ஒரு தடவை குணமானால் மறுபடி வராது என்றில்லை, மையத்தில் கவனம் அப்படியே தொடர வேண்டும்.

பி வேறு மாதிரி. முழுக்க விரட்டுவது அரிது, அடக்கி வைக்கலாம். எல்லாருக்கும் மாத்திரை தேவைப்படாது. எண்டெகவிர், டெனோஃபோவிர் போன்றவற்றை டயாலிசிஸ்காரருக்கு வேறு அளவில் கொடுப்பார்கள். நாமாக நிறுத்துவது ஆபத்து. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கல்லீரல் ஸ்கேன் கேட்டு வாங்குங்கள். துணைவரும் பிள்ளைகளும் ரத்தம் பார்த்து, பாதுகாப்பு இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். கிட்னி மாற்று அறுவை சிகிச்சையை நினைத்திருந்தால் அந்த டாக்டரிடமும் சொல்லிவிடுங்கள்.

கீழாநெல்லி பற்றிக் கேட்காத ஆளில்லை. 1988இல் சென்னையில் நடந்த ஓர் ஆய்வு பி-க்கு நல்ல பலன் என்று சொன்னது, பிற்பாடு வேறு இடங்களில் செய்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. டயாலிசிஸ்காரருக்கு இலைச்சாறு என்றாலே பொட்டாசியம் ஏறும் பயம் வேறு. பாட்டி வைத்தியத்தின் மேல் மரியாதை இருக்கட்டும், சாற்றைத் தொட வேண்டாம்.

வெளியூர் போகும்போது

பினாங்குத் தைப்பூசம், ஜோகூரில் கல்யாணம், பழநிக்கோ திருவண்ணாமலைக்கோ யாத்திரை என்றால் அங்கே ஒரு மையத்தில் விருந்தாளியாக டயாலிசிஸ் செய்ய வேண்டியிருக்கும். அவர்கள் புதிதாக எடுத்த பி, சி, எச்ஐவி முடிவைக் கேட்பார்கள். எத்தனை நாளுக்குள் எடுத்தது செல்லும் என்று முதலிலேயே விசாரியுங்கள். வெளிநாட்டு மையத்தில் செய்துவிட்டு வந்தால் உங்கள் மையம் கொஞ்ச காலத்துக்கு அடிக்கடி ரத்தம் எடுக்கலாம், தனி இயந்திரத்திலும் போடலாம். அது தண்டனை அல்ல, புதுத் தொற்று ரத்தத்தில் தெரிய நாளாகும் என்பதால்தான். டிக்கெட் வாங்குமுன் தலைமைத் தாதியிடம் பேசி, திரும்பி வந்ததும் எந்த நேரத்தில், எந்த இயந்திரத்தில் இடம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். தைப்பூசம், தீபாவளி நேரத்தில் எல்லாரும் ஒன்றாகக் கேட்பார்கள், இரண்டு மாதம் முன்னாலேயே சொல்லி வைத்தால் அலைச்சல் மிச்சம்.